சாவியின் சத்தியாக்கிரகம்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் குடும்பங்களில் அந்த வண்டியைப் பற்றிப் பேசாத விஷயமே கிடையாது. என்ன விலை, ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எவ்வளவு தூரம் ஓடுகிறது, எதிர்வீட்டுக்காரர் வாங்கியிருப்பதைவிட இது எந்த விதத்தில் உயர்ந்தது என்றெல்லாம் சாங்கோபாங்கமாக விவாதிப்பார்கள். ஆனால் வண்டியை ஓட வைக்கவும் நிறுத்தவும் அதிகாரம் பெற்ற அந்த இரண்டரை அங்குலச் சாவியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. திடீரென்று ஒரு நாள் அது பூட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, "நான் வெளியே வரப் போவதில்லை, ஆனதைப் பார்த்துக்கொள்" என்று சத்தியாக்கிரகம் தொடங்கிவிடுகிறது. அன்றுதான் வீட்டில் அதற்கு மரியாதை பிறக்கிறது.

மயிலாப்பூரில் வசிக்கும் என் நண்பர் ஒருவருக்கு ஒரு பங்குனி மாதத்தில் இந்த அநுபவம் கிடைத்தது. மறுநாள் அவருடைய புதல்விக்குப் பரீட்சை. மாலையில் குடும்ப சகிதமாகக் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டுத் திரும்பினார்கள். நண்பருடைய வண்டி, கியரைக் கையால் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாத, தானே மாற்றிக்கொள்ளும் ரகத்தைச் சேர்ந்தது. வீட்டு வாசலில் தெருவை நோக்கிச் சரிந்த சிமெண்டுத் தளம் ஒன்று உண்டு. வழக்கம்போல் அதன்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினார், கைப் பிரேக்கை இழுத்தார், என்ஜினை அணைத்தார். சாவியை எடுக்கப் போனார். சாவி வரவில்லை.

இம்மாதிரி சமயங்களில் நம் வீடுகளில் யோசனைக்குப் பஞ்சமே இராது. நண்பரின் மனைவி, "பதற்றப்படாமல் மெதுவாக இழுத்துப் பாருங்கள்" என்றாள். தாயார், "கோயிலுக்குப் போய்விட்டு வந்தும் இப்படியா?" என்று கவலைப்பட்டாள். மைத்துனன் மட்டும் யோசனையோடு நிற்கவில்லை. "அத்திம்பேர், நீங்கள் சற்றே நகருங்கள். இதற்கெல்லாம் ஒரு சொட்டு எண்ணெய் போதும்" என்று சொல்லி, சமையலறையிலிருந்து தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்தான். ஒரு சொட்டு என்றது கரண்டியில் முடிந்தது. அப்படியும் சாவி அசையவில்லை. அடுத்த வீட்டிலிருந்து குறடு வந்தது. குறட்டால் பிடித்துத் திருகியபோது சாவி வளைவதுபோல் தோன்றவே, நண்பர் "போதும், விட்டுவிடு" என்று தடுத்துவிட்டார். அன்று இரவு அந்த வீட்டில் நடந்த காரியங்களுள் புத்திசாலித்தனமானது அது ஒன்றுதான்.

சாவி வண்டிக்குள் இருக்கும்போது வண்டியைத் தனியே விட மனம் வருமா? நண்பர் தாழ்வாரத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு இரவெல்லாம் காவல் இருந்தார். ஆனால் அவர் காவல் காத்த பொருளுக்குள்ளேயே வேறொரு திருட்டு நடந்துகொண்டிருந்தது. சாவி முழுவதும் திரும்பாமல் பாதி வழியில் நின்றிருந்தபடியால், வண்டியின் சில்லறை மின்சாரக் கருவிகளுக்கு விடியவிடிய மின்சாரம் போய்க்கொண்டே இருந்தது. பாட்டரியும் வயதானது. காலையில் பார்த்தால் வண்டி முக்கக்கூட இல்லை. பெண் ஆட்டோ ரிக்‌ஷாவில் ஏறி, மணி அடிப்பதற்குச் சில நிமிஷங்கள் முன்னதாகப் பரீட்சை மண்டபத்தை அடைந்தாள். அவள் கணக்குகளை நன்றாகவே போட்டாள் என்று கேள்வி. ஆயினும் அந்தச் சில நிமிஷங்களில் நண்பரின் நெஞ்சு அடித்துக்கொண்டதற்குக் கணக்கே இல்லை.

பிறகு மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தார்கள். நானும் அச்சமயம் அங்கே போயிருந்தேன். தலை நரைத்த மனிதர். அம்பாஸடர் வண்டிகளோடு தொழில் கற்றவர். அவர் சாவியைப் பார்க்கவே இல்லை. கியர்க் கோலைப் பார்த்தார். அதற்கு முன்னால் இருந்த பள்ளத்தில் அர்ச்சனைப் பை செருகப்பட்டிருந்தது. பையை எடுத்தார். உள்ளே இருந்தது ஒரு தேங்காய் மூடி. கோலை முன்னுக்குத் தள்ளினார். 'டக்' என்று ஒரு சத்தம். சாவியைத் திருப்பி இழுத்தார். வெண்ணெயிலிருந்து ஊசி வருவதுபோல் வந்தது.

"பூட்டு ஒரு தப்பும் செய்யவில்லை, ஸார். நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டதாக நினைத்தீர்கள். அது ஒப்புக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்" என்றார்.

நடந்தது இதுதான். அந்த ரக வண்டிகளில் நிறுத்தும்போது கோலை 'பி' என்ற எழுத்துக்கு நேரே கொண்டுபோய் வைக்க வேண்டும். அப்பொழுது உள்ளே ஓர் இரும்புக் கொக்கி பல்சக்கரத்தின் பற்களுக்கிடையே விழுந்து வண்டியை உருளவிடாமல் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடி விழுந்தால்தான் சாவி கடைசி நிலைக்குத் திரும்பும். திரும்பினால்தான் வெளியே வரும். 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதைச் சட்டமாகவே செய்தார்கள். கோலை ஓட்ட நிலையில் விட்டுவிட்டுச் சாவியோடு இறங்கிப் போகிறவர்களும், வண்டிக்குள் விளையாடும் குழந்தைகள் கோலை இழுத்துவிடுவதும் விபத்துக்குக் காரணமானதால் வந்த ஏற்பாடு இது. தேங்காய் மூடி குறுக்கே நின்றதால் நண்பரின் வண்டியில் கோல் ஒரு விரற்கடை முன்னதாகவே நின்றுவிட்டது. கொக்கி விழவில்லை. சரிவான தளத்தில், வெறும் கைப் பிரேக்கை நம்பிக்கொண்டு இரவு முழுவதும் வண்டி நின்றிருக்கிறது. அந்தச் சரிவின் அடியில், தெரு ஓரத்தில், விடியற்காலையில் நண்பரின் தாயார் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்! இதை மெக்கானிக் சுட்டிக்காட்டியபோது நண்பருக்குப் பேச்சு எழவில்லை. சாவி வீட்டாரை எச்சரித்திருக்கிறது. அதன் வாயில் எண்ணெயை ஊற்றி அடைக்கப் பார்த்திருக்கிறார்கள்.

சாவி எப்படித்தான் இவ்வளவு பிடிவாதமாக உட்கார்ந்துகொள்கிறது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆவல் உண்டாயிற்று. மெக்கானிக் தம் பட்டறையில் பழைய பூட்டு ஒன்றைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வெளியே ஒரு கூடு. உள்ளே சுழலும் ஓர் உருளை. உருளையின் குறுக்கே வரிசையாகப் பித்தளைத் தகடுகள். ஒவ்வொரு தகட்டுக்கும் நடுவே சாவி புகுவதற்கு ஒரு சாளரம். பக்கத்தில் மயிரிழை போன்ற ஸ்பிரிங். சாவி இல்லாதபோது தகடுகள் உருளையைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு, கூட்டில் வெட்டியிருக்கும் பள்ளத்தில் நிற்கின்றன. ஆகையால் உருளை திரும்பாது. உரிய சாவி புகுந்தால், அதன் மேடு பள்ளங்களுக்கேற்ப ஒவ்வொரு தகடும் உள்ளே வாங்கிக்கொள்ளும், உருளை திரும்பும்.

இதுவரை நம்மில் பலருக்குத் தெரிந்ததுதான். இதற்கு மேல்தான் சூட்சுமம் இருக்கிறது. சாவியை வெளியே இழுக்கும்போது அதன் மேடுகள் தகடுகளை மறுபடியும் மேலும் கீழும் ஆட்டியாக வேண்டும். தகடுகள் ஆட இடம் வேண்டும். கூட்டிலுள்ள பள்ளத்துக்கு நேராக உருளை வந்து நிற்கும்போது மாத்திரமே அந்த இடம் உண்டு. உருளை ஒரு துளி திரும்பியிருந்தாலும் தகடுகள் கூட்டின் சுவரில் முட்டும், சாவி சிறைப்பட்டுவிடும். எனவே சாவி வராதபோது நாம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, 'இதை எப்படி இழுப்பது?' என்பதன்று, 'உருளை ஏன் தன் ஆதி நிலைக்குத் திரும்பவில்லை?' என்பதுதான். குறட்டால் இழுப்பவர் அந்தத் தகடுகள் அத்தனையோடும் ஏககாலத்தில் மல்யுத்தம் செய்கிறார். பெரும்பாலும் தோற்பது சாவியே.

இந்தச் சிறு உருளையின் தலையில் இத்தனை பொறுப்புக்களை ஏற்றியது ஒரே நாளில் நடந்ததன்று. ஆதியில் மோட்டார் என்ஜினைக் கிளப்ப முன்பக்கத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். 'ஹாண்டில் அடிப்பது' என்று நம் பாட்டனார் காலத்தவர் சொல்வார்கள். அது எதிர்த்துச் சுழன்றால் மணிக்கட்டு முறியும். 1912-ஆம் ஆண்டில் காடில்லாக் வண்டிகளில், சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சாரக் கிளப்பி வந்தது. ஆயினும் சாவி வேறு, கிளப்பும் பொத்தான் வேறு என்றே வெகுகாலம் இருந்தது. சாவியைத் திருப்பினாலே என்ஜின் கிளம்பும் ஏற்பாட்டைக் கிரைஸ்லர் கம்பெனியார் 1949-ஆம் ஆண்டு வண்டிகளில் கொண்டுவந்தார்கள். பிறகு திருட்டு பெருகவே, ஸ்டீயரிங் சக்கரத்தைப் பூட்டும் வேலையும் இதே சாவியின் தலையில் விழுந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் தங்கள் 1969-ஆம் ஆண்டு வண்டிகளில் அதை அமைத்தார்கள். வீட்டுக்கு மூத்த மருமகளிடம் ஒவ்வொரு வேலையாகச் சேர்வதுபோலச் சாவியிடமும் சேர்ந்துகொண்டே போயிற்று. அவள் ஒரு நாள் முரண்டு பிடித்தால் எந்த வேலையினால் என்று கண்டுபிடிப்பது எளிதா?

கையால் கியர் மாற்றும் வண்டிகளில் 'பி' என்ற நிலையே கிடையாது. அவற்றுள் பலவற்றில் வேறொரு காவல் உண்டு. நடு நிலையிலிருந்து சாவியை மேலும் திருப்ப வேண்டுமானால், அதைச் சற்றே உள்ளே அழுத்திக்கொண்டு திருப்ப வேண்டும். சில வண்டிகளில் பூட்டின் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்த வேண்டும். இது தெரியாமல் புது வண்டி வாங்கிய அன்றே பூட்டுக் கெட்டுவிட்டதென்று கூக்குரலிடுகிறவர்கள் உண்டு. ஓடும் வண்டியில் கை தவறிச் சாவி கடைசி நிலைக்குப் போய், சாவி வெளியே வந்து, ஸ்டீயரிங் சக்கரம் பூட்டிக்கொண்டால் என்ன கதி ஆகும்? அதைத் தடுப்பதற்குத்தான் அந்த அழுத்தம். வேண்டுமென்றே செய்தாலன்றி நடக்கக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு பிணக்கும் உண்டு. சாவி உள்ளே போகும், திரும்பாது. சக்கரங்களை வளைத்த நிலையில் நடைபாதைக் கல்லில் முட்டி நிறுத்தியிருப்பார்கள். அல்லது இறங்கும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கியிருப்பார்கள். ஸ்டீயரிங் தண்டிலுள்ள பள்ளத்தில் விழுந்த தாழ்ப்பாளை, சக்கரத்தின் இறுக்கம் ஒருபுறமாக நெருக்கிக்கொண்டிருக்கும். கதவை ஒருவர் வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருக்கும்போது உள்ளிருப்பவர் தாழ்ப்பாளை இழுக்க முடியாதல்லவா? அதே நிலைமைதான். இடது கையால் ஸ்டீயரிங்கை இரு புறமும் மெல்ல அசைத்துக்கொண்டு, வலது கையால் சாவியை மிதமாகத் திருப்பினால், இறுக்கம் தளர்ந்த நொடியில் தாழ்ப்பாள் விலகிவிடும். முரட்டுத்தனமாகத் திருப்பினால் தாழ்ப்பாள் விலகாது. சாவியின் கழுத்துத்தான் முறுக்கிக்கொள்ளும்.

கியர் தானே மாறும் வண்டிகள் சிலவற்றில் சாவியைப் பிடித்திருப்பது இரும்புக் கம்பி அன்று, மின்சாரக் காந்தம். அவற்றுள் சில, பாட்டரி தீர்ந்துபோனால் சாவியை விடுவதில்லை. அப்பொழுது பாட்டரிக்கு உயிர் கொடுத்தால் சாவி தானே வரும். வேறு வழியும் உண்டா என்பதை வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தில் பார்க்க வேண்டும். இந்தப் புத்தகம் பெரும்பாலும் உறை பிரிக்கப்படாமலே வண்டிக்குள் இருக்கும் என்பதை நான் அறிவேன்.

இதுவரை சொன்னவற்றில் பூட்டின் மேல் குற்றம் ஒன்றும் இல்லை. பூட்டே சிக்கிக்கொள்வதும் உண்டு. அதற்கும் என் நண்பரே உதாரண புருஷரானார்.

பங்குனியில் ஊற்றிய தேங்காய் எண்ணெய் எங்கே போகும்? தகடுகளின் மேலேயே தங்கியது. சித்திரை, வைகாசித் தூசி அதில் வந்து படிந்தது. புரட்டாசியில் ஆயுத பூஜை. நம் வழக்கப்படி வண்டிக்கு மாலை போட்டு, ஸ்டீயரிங்குக்கும் சாவிக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அதே சாவியைத் துடைக்காமல் பூட்டுக்குள் செலுத்தினார்கள். காய்ந்த சந்தனம் என்பது நறுமணம் வீசும் சிமெண்டு அல்லாமல் வேறென்ன? மார்கழியும் பிறந்தது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரி வெப்பத்துக்குக் கீழே உறைந்துபோகும் என்பதை அதிகாலையில் எண்ணெய்ப் புட்டியைக் கையில் எடுத்த ஒவ்வொரு குடும்ப ஸ்திரீயும் அறிவாள். பூட்டுக்குள்ளும் அதே நியாயந்தான். திருப்பாவை கேட்கப் புறப்பட்ட ஒரு காலை நேரத்தில், சாவி பாதி புகுந்து நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

இந்தத் தடவை நண்பர் குறட்டைத் தேடவில்லை. கியர்க் கோலைப் பார்த்தார், சரியாக இருந்தது. ஸ்டீயரிங்கை அசைத்தார், பயனில்லை. சாவியை இழுக்காமல், மேலும் கீழும் மிக மெதுவாக ஆட்டி ஆட்டி வெளியே எடுத்தார். பிறகு அலமாரியிலிருந்த மற்றொரு சாவியைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். காசு செலவில்லாத இந்தப் பரீட்சை மிகவும் உபயோகமானது. உபயோகப்படாமல் கிடந்த சாவி சுகமாகத் திரும்பினால், தேய்ந்துபோனது நாம் அன்றாடம் உபயோகிக்கும் சாவி, பூட்டு நல்லது. இரண்டும் சிக்கினால் கோளாறு பூட்டில். நண்பருக்கு இரண்டும் சிக்கின.

மெக்கானிக் வந்து செய்த சிகிச்சையை விரிவாகவே சொல்கிறேன். முதலில் பாட்டரியின் இணைப்பைக் கழற்றினார். ஏனென்றால் அந்த உருளைக்குப் பின்னாலேயே மின்சார விசை இருக்கிறது. மின்சாரக் கருவிகளைச் சுத்தம் செய்வதற்கென்று விற்கிற, சீக்கிரம் ஆவியாகிவிடும் திரவத்தைச் சாவித் துவாரத்தில் சிறிது பீய்ச்சினார். சாவியை உள்ளே விட்டு எடுத்து, வெள்ளைத் துணியில் துடைத்தார். துணியில் கறுப்பும் மஞ்சளுமாகப் பசை ஒட்டியது. மறுபடி திரவம், மறுபடி துடைப்பு. துணி வெள்ளையாகவே வரும் வரையில் விடவில்லை; பத்துப் பன்னிரண்டு தடவை ஆயிற்று. நன்றாக உலர்ந்த பிறகு, உலர்ந்த படலமாகப் படியக்கூடிய வழுக்கு மருந்தை மிகச் சிறிது செலுத்தி, சாவியைப் பலமுறை போட்டுத் திருப்பினார். அவ்வளவுதான், பூட்டு பழையபடி ஆயிற்று.

"எண்ணெய் போடவே கூடாதா?" என்று கேட்டேன்.

"சமையலறை எண்ணெய் எதுவும் கூடாது, ஸார். எண்ணெய் வழுக்கும், ஆனால் தூசியை அழைத்து விருந்து வைக்கும்" என்றார் அவர்.

பென்சிலில் இருக்கும் கிராபைட்டுத் தூளைப் பூட்டுக்குப் போடுவது பழைய முறை. அது நல்ல முறையே. ஆனால் ஏற்கெனவே எண்ணெய் இறங்கிய பூட்டில் போட்டால் தூளும் எண்ணெயும் கலந்து கருங்களியாகிவிடும். கிராபைட்டு மின்சாரத்தையும் கடத்தும். ஆகையால் பின்னால் மின்விசை இருக்கும் பூட்டில் கிள்ளு அளவுக்கு மேல் போகலாகாது. இப்பொழுது வீடு தோறும் காணப்படும் டபிள்யூ.டி. 40 என்ற பீய்ச்சியையும் பலர் சர்வரோக நிவாரணி என்று எண்ணுகிறார்கள். அதன் பெயருக்கு 'நீரை விலக்கும் மருந்து, 40-ஆவது முயற்சி' என்று பொருள். 1953-ஆம் ஆண்டில் செய்யப்பட்டது. மழையில் நனைந்த பூட்டிலிருந்து ஈரத்தை விரட்டவும் பழைய பசையை இளக்கவும் அது உதவும். பூட்டுக்கு நிரந்தர ஆகாரமாக அதைக் கொடுத்து வருவது மெக்கானிக்குக்குச் சம்மதமில்லை.

சாவி தேய்ந்திருந்தால் விஷயம் வேறு. சாவி கடைக்காரர் ஒரு சாவியை வைத்து இன்னொன்றைச் செதுக்கும்போது, மூலத்தின் தேய்மானம் நகலுக்கும் போகிறது. நகலுக்கு நகல் எடுத்தால் பிழையின் மேல் பிழை ஏறுகிறது. ஓலைச்சுவடிகளைப் பார்த்துப் பார்த்துப் பிரதி செய்தவர்களால் பாடபேதங்கள் பெருகியதுபோலத்தான். ஆகவே நகல் எடுக்க வேண்டுமானால் அலமாரியில் தேயாமல் இருக்கும் சாவியைக் கொடுங்கள். அதைவிட உத்தமம், புது வண்டியோடு பல கம்பெனியார் கொடுக்கும் சிறு உலோகத் தகடு. அதிலுள்ள எண்ணைக் கொண்டு, தேயாத ஆதிச் சாவியையே வெட்டிக்கொள்ளலாம். இந்தத் தகட்டைச் சாவி வளையத்திலேயே தொங்கவிடுவது, வீட்டுச் சாவியைக் கதவிலேயே மாட்டிவைப்பதற்குச் சமானம். நகைப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொரு சிக்கலும் வந்திருக்கிறது. ஐரோப்பாவில் 1998-ஆம் ஆண்டு முதல், உரிய சாவி அல்லாமல் என்ஜின் கிளம்பாதபடி தடுக்கும் மின்னணுக் காவல் புது வண்டிகளுக்குக் கட்டாயமாயிற்று. மற்ற தேசங்களிலும் அது பரவிவிட்டது. சாவியின் கறுப்புத் தலைக்குள் ஒரு பொடிச் சில்லு இருக்கிறது. தெருவோரத்தில் செதுக்கிய சாவி பூட்டைத் திருப்பும்; ஆனால் சில்லு இல்லாததால் என்ஜின் வாய் திறக்காது. இதை அறியாமல், பூட்டு மறுபடி கெட்டதென்று சண்டைக்குப் போகிறவர்கள் பலர்.

சாவி உள்ளேயே ஒடிந்துவிட்டால் என்ன செய்வது? ஒடிந்த பகுதியை மற்றொரு சாவியால் உள்ளே தள்ளாதீர்கள். ஒடிந்த முனையில் பசை தடவி ஒட்டி இழுக்கலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். அந்தப் பசை ஒரு சொட்டுத் தகட்டில் பட்டால் பூட்டு முழுவதையும் மாற்ற வேண்டியதுதான். பூட்டு வேலை தெரிந்தவர், உருளையை முதலில் ஆதி நிலைக்குக் கொண்டுவந்து, மெல்லிய கொக்கியால் எடுத்துவிடுவார். அவர் வரும் வரையில் பொறுமையாக இருப்பதே லாபம்.

சிக்கிக்கொள்ளும் சாவியைக் கண்டு அலறுகிறோம்; அதைவிடப் பயப்பட வேண்டியது சிக்காத சாவி. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவி கையோடு வந்தால், தகடுகளும் சாவியும் தேய்ந்து, சிறைக் கதவு திறந்துகிடக்கிறது என்று அர்த்தம். அந்த வண்டியை அன்றே பட்டறைக்கு அனுப்ப வேண்டும். இலேசாகத் திரும்பிவிடும் விசையும் ஆபத்தே. 2014-ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் ஏறக்குறைய 26 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அவற்றில் சாவியின் பின்னாலுள்ள விசை தளர்ந்த பிடியுடையது. கனத்த சாவிக்கொத்தின் பாரத்தாலோ, முழங்கால் இடித்தாலோ, சாலைக் குலுக்கலாலோ சாவி ஓட்ட நிலையிலிருந்து நழுவி என்ஜின் நின்றுவிடும், ஸ்டீயரிங் கனத்துப்போகும், மோதினால் காக்க வேண்டிய காற்றுப் பையும் விரியாது. நஷ்டஈடு நிதியை நிர்வகித்தவர்கள் ஒப்புக்கொண்ட மரணங்கள் மட்டும் 124. வண்டிகளைச் செப்பனிடும் வரையில் சொந்தக்காரர்களுக்குச் சொன்ன யோசனை, சாவி வளையத்திலிருந்து மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள் என்பதே.

இதை நண்பரின் வீட்டில் சொன்னேன். அவருடைய மனைவி எழுந்து போய் வண்டிச் சாவியைக் கொண்டுவந்தாள். அதே வளையத்தில் பீரோச் சாவி, மாடிக் கதவுச் சாவி, சொந்த ஊர் வீட்டின் பெரிய இரும்புச் சாவி, திண்டுக்கல் பூட்டு இரண்டின் சாவிகள், பித்தளைப் பிள்ளையார் ஒன்று, எல்லாம் தொங்கின. சொந்த ஊர் வீட்டை விற்று ஆறு வருஷமாகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றி ஊஞ்சல் பலகையின் மேல் வைத்தாள். பிள்ளையாரிடம் வந்ததும் கை தயங்கியது. மாமியாரைப் பார்த்தாள்.

"அவரை வண்டியின் முன்பக்கத்திலே உட்கார வை. அங்கே இருந்தே பார்த்துக்கொள்வார்" என்றாள் அந்த அம்மாள்.